வாசித்தவர் யார் என்று கேட்டு அலைகிற வேலை

விஸ்காம் கடைசி வருடம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, நீங்க எந்தப் பத்திரிகையிலயும் வேலையில இல்ல. ஆனா இசையைப் பத்தி மட்டுமே எழுதுறீங்க. இப்போ கையில என்னென்ன வேலை இருக்கு? தண்டையார்பேட்டையில இருந்துக்கிட்டு இதை நம்பி வாழ முடியுதா?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாழ முடிகிறது, ஆனால் என் மனைவிக்கு மாதச் சம்பளம் வருகிறது. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொன்னால் உங்களை ஏமாற்றியது போல ஆகிவிடும்.

இனி கையில் இருக்கிற வேலை. இப்போது நான்கு ஓடுகின்றன. பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ் டவுனிலிருந்து மணலி வரைக்கும் பழைய சங்கீதக்காரர்கள் இருந்த தெருக்களைப் பற்றி ஒரு தொடர் எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வியாசர்பாடியில் பாட்டுக்காரப் பையன்களோடு உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புகிறேன். நான்காவது சோறு போடுகிற வேலை. புதிதாக ஆல்பம் போடுகிறவர்களுக்கு அறிமுகக் குறிப்பு எழுதுவது, பாட்டு வரிகளை சப்டைட்டிலுக்காக மொழிபெயர்ப்பது, சில சமயம் இசையமைப்பாளர்களின் பேட்டிக்குக் கேள்வி தயாரித்துக் கொடுப்பது. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: யாருக்குக் காசு வாங்கிக்கொண்டு அறிமுகம் எழுதினேனோ அவர்களுடைய ஆல்பத்தை நான் விமர்சனம் செய்ய மாட்டேன். நட்புக்காகக்கூட செய்வதில்லை. இந்த ஊர் சின்னது, இசைக்காரர்கள் ஊர் அதைவிடச் சின்னது, யார் யாரிடம் காசு வாங்கினார் என்பது டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

வெளியூர் எடிட்டர்கள் என்னைக் கூப்பிட்டால் கேட்பது ஒன்றே ஒன்றுதான், கானா. தேவா தொண்ணூறுகளில் சினிமாவுக்குள் கானாவைக் கொண்டு வந்து கொட்டினார். 2006இல் கானா உலகநாதன் ‘சித்திரம் பேசுதடி’யில் பாடினார். 2012இல் வக்கீலுக்குப் படித்த கானா பாலா ‘அட்டகத்தி’யில் பாடினார். அப்போதெல்லாம் கட்டுரை கேட்டு யாரும் கூப்பிடவில்லை, பாட்டு ஹிட் என்று சொல்லி நகர்ந்துவிட்டார்கள். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரி நடந்தது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கானா, ராப், ராக் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். சாதியற்றவர் என்கிற அந்தப் பெயரே அயோத்திதாசப் பண்டிதர் வழி வந்தது. போன் அடிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். 2020இல் அந்தக் குழுவின் இசைவாணியை பிபிசி தன்னுடைய 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தபோது ஒரே வாரத்தில் மூன்று இடத்திலிருந்து அதே கட்டுரையைக் கேட்டார்கள். ஆண்களே நிறைந்த கானா உலகத்தில் ஒரு பெண் பாடுகிறார் என்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் அனுப்பிய மெயிலில் அவர் எப்படிப் பாடுகிறார் என்று ஒரு கேள்விகூட இல்லை.

ஒருமுறை ஓர் இணைய இதழுக்கு மணலியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். “சுற்றுச்சூழல் கட்டுரையா?” என்று பதில் வந்தது. இல்லை, வயலின் கட்டுரை என்றேன். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் தொடரை ஆரம்பித்தேன். இப்போது அது ஒரு தமிழ் மாத இதழில் வருகிறது. காசு மிகக் குறைவு, ஆனால் நான் எழுதுகிறபடி போடுகிறார்கள்.

மணலி என்றால் நமக்கு ரிஃபைனரி, புகை, டேங்கர் லாரி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே ஒரு ஜமீன் இருந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் கூப்பிட்டதன் பேரில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு அங்கே வந்து தங்கினார். அவருடைய மூத்த மகன்தான் சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர். முதலியாருக்குப் பிறகு அவர் மகனும் அந்தக் குடும்பத்தை ஆதரித்தார், அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு பழக்கம் இருந்தது. அதனால் தீட்சிதர் சகோதரர்களுக்குக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பதைக் கேட்கிற வாய்ப்பு கிடைத்தது. கேட்டதை வைத்து முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் வரிகள் எழுதினார். நோட்டு சுவரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அவைதான். சுமார் நாற்பது இருக்கும், எல்லாம் சங்கராபரண ராகம். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டு வந்தார். டிசம்பர் மாதத்தில் எந்த சபாவுக்குப் போனாலும் பாடகருக்குப் பக்கத்தில் ஒருவர் வயலினோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் கதையில் நம்ம மணலிக்குப் பங்கு இருக்கிறது.

இதை எழுத நான் மணலிக்குப் போனேன். பார்க்க ஒன்றுமில்லை, சொல்லப்போனால். கோவில் குளம் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் தீட்சிதர் என்றேன். “ஐயரா? எந்தத் தெரு?” என்றார். சரி, அதுவும் கட்டுரையில் போயிற்று.

ஜார்ஜ் டவுன் பகுதி எழுதுவதற்கு வளமானது, நடப்பதற்கு மோசமானது. ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் சிறு வயதிலிருந்து வாழ்ந்த வீடு இருக்கிறது. அங்கிருந்து கந்தகோட்டம் நடக்கிற தூரம். தெய்வமணிமாலை பாடியது அந்தக் கந்தகோட்டத்து முருகன் மேல்தான். பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தியாகராஜர் வந்து தங்கினார். கோவூர் பஞ்சரத்தினம் என்கிற ஐந்து கீர்த்தனை அந்த உறவில் பிறந்தது. அதே பயணத்தில் திருவொற்றியூருக்கும் போய் திரிபுரசுந்தரி மேல் ஐந்து கீர்த்தனை பாடினார். பிறகு ராமகிருஷ்ணா தெரு. வீணை தனம்மாள் அங்கேதான் இருந்தார், 1867இல் பிறந்து 1938இல் காலமானவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் வீணை கேட்க ஊரில் இருந்த பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்களாம். நாட்டியக்காரர் பாலசரஸ்வதி, பாடகிகள் பிருந்தா, முக்தா எல்லாரும் அவருடைய பேத்திகள். இப்போது அந்தத் தெருவில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நின்று பாருங்கள். தலையில் மூட்டை வைத்திருப்பவர் “ஓரம், ஓரம்” என்று கத்துவார், மீன்பாடி வண்டி உங்கள் காலில் ஏறும். மெல்லிசான வீணைச் சத்தத்தை அங்கே உட்கார்ந்து எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரைக்கு நான் வைத்த முதல் வரி.

2017இல் யுனெஸ்கோ சென்னையை இசை நகரம் என்று தன் பட்டியலில் சேர்த்தது. அப்போது எடுத்த படங்களில் பெரும்பாலும் மயிலாப்பூர்தான். தெற்கே போவதற்கு முன்னால் சங்கீதம் நம்ம பக்கம் குடியிருந்தது என்று சொல்வதற்காக மட்டும் இந்தத் தொடரை எழுதவில்லை. அப்படி எழுதினால் அது ஊர்ப் பெருமை, அதற்கு நான் தேவையில்லை. எனக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது.

தியாகராஜர் கீர்த்தனையின் கடைசியில் அவர் பெயர் வரும். தீட்சிதர் பாட்டில் ‘குருகுஹ’ வரும். முத்திரை என்பார்கள். பாட்டு யாருடையது என்று பாட்டே சொல்லிவிடும், யாரும் தட்டிக்கொண்டு போக முடியாது. இதை எழுதிக்கொண்டிருந்த அதே மாதம்தான் கேசட் வேலையும் ஓடிக்கொண்டிருந்தது. கானாக்காரர்களும் பாட்டுக்குள் பெயரைப் போடுவார்கள். தன் பெயர், தன் ஏரியா, தன் வாத்தியார் பெயர். இரண்டு வேலையும் ஒரே வேலைதான் என்று அப்போதுதான் பொறி தட்டியது. பெயரைத் தேடுவதுதான் வேலை. யார் பாடினார், யார் எழுதினார், யார் வாசித்தார்.

இந்தத் தேடலில் நான் வாங்கிய பெரிய அடியும் அந்தக் கேசட்டில்தான். அதை விவரமாகவே சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும்.

மரண கானா பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ராத்திரி முழுக்கப் பிணத்துக்குப் பக்கத்தில் பந்தலில் உட்கார்ந்து பாடுவார்கள். செத்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு என்ன செய்தார், உடம்பு என்பது என்ன, போகும்போது கூட வருவது என்ன. இந்தக் கரையில் இது புதுசு இல்லை. திருவொற்றியூர் கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா இருக்கிறது. தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த அவரைத் ‘தொண்டியார்’ என்று கூப்பிட்ட பெயரால்தான் எங்கள் தண்டையார்பேட்டையே வந்தது என்று சொல்வார்கள். பட்டினத்தாரும் மஸ்தான் சாகிபும் உடம்பைப் பற்றிப் பாடிய தொனியை ராத்திரி ரெண்டு மணிக்குப் புளியந்தோப்பில் கேட்கலாம். என்னைக் கேட்டால் கானாவின் உச்சம் அங்கேதான் இருக்கிறது. யூடியூபில் பெண்களைத் திட்டிக்கொண்டு வருகிற கானாவை நான் எழுதுவதே இல்லை, எவ்வளவு வியூஸ் போனாலும் சரி.

வியாசர்பாடியில் ஒரு பெரியம்மா. அவர் கணவர் மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோவில் திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் கொண்டு போய்க் கட்டுவார். அவருக்கு ஒரு பழக்கம்: ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப் ரெக்கார்டரில் சொருகி, அன்றைக்குப் பாடியதைப் பிடித்து வைப்பார். அவர் போன பிறகு ஒரு ஷூ டப்பாவில் முப்பத்தொரு கேசட் மிச்சம். “எடுத்துக்கினு போப்பா, எலி கடிக்குது” என்று கொடுத்தார்.

கேசட் என்றால் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். கடலோர ஊர் இது. கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாலே டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரியும். அதோடு ஓட்டினால் டெக்கில் டேப்பைப் படிக்கிற ஹெட் கெட்டுப்போகும், அடுத்த கேசட்டிலும் பூஞ்சை ஒட்டும். முதலில் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, சுருளை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும், பாதிக் கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். பிறகு டெக்கில் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ. பதிவு செய்த மெஷினில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு நம்முடையதையும் கொண்டு வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கால் சுற்று, அரைக் கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருந்தால், கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல இருந்த குரல் ஒரு இடத்தில் சட்டென்று வெளியே வந்து நிற்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன் என்று நினைக்கிறேன்.

கேசட்டின் முதுகில் ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. மைக் செட்காரர் நல்ல பாட்டு விழுந்த கேசட்டில் எல்லாம் அதை உடைத்திருந்தார். ஆனால் பின்னாளில் வீட்டில் யாரோ அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டிவிட்டு ஆடி மாதத்துக்கு அம்மன் பாட்டுப் பதிந்திருக்கிறார்கள். பதினோரு கேசட் அப்படிப் போயிற்று. அட்டையில் ‘சாவு – புளியந்தோப்பு’ என்று பேனாவில் எழுதியிருக்கும், உள்ளே உடுக்கைச் சத்தம் கேட்கும்.

அப்படி ஒன்று 90 நிமிடக் கேசட். ஒரு பக்கம் 45 நிமிடம். அம்மன் பாட்டு 39ஆவது நிமிடத்தில் முடிந்தது. நான் நிறுத்தவில்லை, சோம்பேறித்தனம்தான் காரணம், தட்டில் சோறு இருந்தது. ‘டக்’ என்று ஒரு சத்தம். கூட்டத்தின் இரைச்சல். ஒரு குழந்தை இருமுகிறது. அப்புறம் ஒரு குரல். ஆறு நிமிடம். டேப் என்கிற தோல் வாத்தியமும் சட்டியும் மட்டும் பக்கவாத்தியம். கரகரப்பான, அவசரமே இல்லாத குரல், ஒவ்வொரு அடியின் கடைசி எழுத்தையும் மூச்சு இருக்கிறவரை இழுத்துவிட்டுத் தாளம் திரும்பி வருவதற்காகக் காத்திருக்கிறார். முடிக்கும்போது ஒரு பெயரையும் ஒரு தெருவையும் பாட்டிலேயே சொல்கிறார்.

முத்திரை கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். தியாகராஜரையும் இவரையும் ஒரே பத்தியில் வைத்து மூவாயிரம் சொல் கட்டுரை எழுதினேன். பாடியவர் இன்னார் என்று அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாயிற்று.

இதழ் வந்த ஒன்பதாவது நாள் போன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பின்னால் ஹாரன் சத்தம். “சார், அது எங்க அப்பா பேருதான் சார். தெருவும் கரெக்ட்டு. ஆனா எங்க அப்பா பாடவே மாட்டாரு சார். டேப்பு அடிப்பாரு.”

பாடகர் தன் பெயரைச் சொல்லவில்லை. கூட வாசித்தவரின் பெயரைப் பாட்டில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். கானாவில் அது ரொம்ப சாதாரணம், எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்திருந்தும் முத்திரை என்ற என் யோசனை அழகாக இருந்ததால், நான்கு பேரிடம் கேட்காமல் எழுதிவிட்டேன். அடுத்த இதழில் ரெண்டு வரித் திருத்தம் வந்தது. மூவாயிரம் சொல்லைப் படித்தவர்களில் எத்தனை பேர் அந்த ரெண்டு வரியைப் படித்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம்தான் சனிக்கிழமை வேலை ஆரம்பித்தது. பழையவர்களின் பெயரை நாற்பது வருடம் கழித்துத் தேடுகிறோம், இன்றைக்குப் பாடுகிறவர்களாவது எழுதி வைக்கட்டுமே என்று. ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் உட்காருவோம். ஆறு ஏழு பேர் வருவார்கள், சில வாரம் ரெண்டு பேர். ஸ்பாட்டிஃபை மாதிரி இடங்களில் பாட்டு ஏற்ற ஒரு விநியோக நிறுவனம் மூலமாகத்தான் போக வேண்டும். அவர்களுடைய ஃபார்மில் எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர், வாசித்தவர் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். பையன்கள் எல்லாக் கட்டத்திலும் சேனல் பெயரைப் போட்டுவிடுவார்கள். கேட்டால், “நம்ம சேனல்தானே அண்ணா” என்பார்கள். சேனல் நாளைக்கு உடையும், அப்போது பாட்டு யாருடையது? ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று பன்னிரண்டு எழுத்து எண் கொண்ட ஓர் அடையாளக் குறி உண்டு, அதைக் குறித்து வைக்கச் சொல்வேன். முக்கியமாக, பாட்டு வெளியே போவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளில் யார் என்ன செய்தார், யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் தாளிலேயே சண்டை. ரெண்டு நண்பர்கள், ஒரே தெரு, ஒன்றாகவே வளர்ந்தவர்கள். பாட்டின் முதல் வரி யாருடையது என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் “நான்” என்றார்கள். அரை மணி நேரம் பேச்சே இல்லை. கடைசியில் சட்டி வாசிக்கிற பையன், பதினாறு வயசு இருக்கும், மெதுவாகச் சொன்னான்: “அந்த லைனு என் ஆயா சொல்றது. உங்க ரெண்டு பேரு முன்னாடியும் நான்தான் சொன்னேன்.” எழுதியவர் என்ற கட்டத்தில் அந்த ஆயாவின் பெயரையும் சேர்த்து எழுதினோம். ஆயாவுக்கு விஷயம் தெரிந்து, “எனக்கு எவ்ளோ வரும்?” என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

அவருக்கு எவ்வளவு வரும் என்பதற்குச் சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இசையைப் பற்றி எழுத வருகிறவர் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும், ராகம் தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தை, அதாவது காப்பிரைட் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி படத்துக்காகப் பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்றப் பயன்பாடுகளுக்கு வருகிற ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடுக்கவே முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு அதை வசூலித்துப் பிரிக்கிறது, ஆனால் உறுப்பினராக இருந்தால்தான் கைக்கு வரும். பாடகர்களுக்குத் தனியாக ஓர் அமைப்பு. எங்கள் பக்கம் பலருக்கு இது தெரியாது. சினிமாக்காரர் வந்து ஒருமுறை கையில் ஒரு தொகையைக் கொடுத்து ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கியிருப்பார், அதோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த மாதிரி ஆறு பேரோடு பேசி ஒரு கட்டுரை தயாராகிக்கொண்டிருக்கிறது. பேப்பரின் நகலை வைத்திருந்தவர் ஒரே ஒருவர், அதையும் ரேஷன் கார்டு கவரில் மடித்து வைத்திருந்தார்.

பழைய ஒலிப்பதிவுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. அது முடிந்தால் பொதுச் சொத்து. எழுதியவருடைய, மெட்டுப் போட்டவருடைய உரிமை வேறு, அது அவர் இறந்தபின் 60 ஆண்டுகள் ஓடும். மைக் செட்காரரின் கேசட்டுகளை நான் பொதுவில் ஏற்றாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம், அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வீட்டுச் சாவு.

அதனால் சாவு வீட்டில் பதிவு செய்கிற விஷயத்தில் கவனமாக இருங்கள். வீட்டுப் பெரியவர் தலையசைக்கும் வரை போனைப் பாக்கெட்டிலிருந்து எடுக்க மாட்டேன். பாடுகிறவர் சம்மதித்தால் போதாது, அது அவர் வீட்டுச் சாவு இல்லை. பேட்டியை அங்கே எடுக்கவே கூடாது. நாலு நாள் கழித்து டீக்கடையில் எடுக்கலாம். அப்போது அவர் உங்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார், மறுக்காதீர்கள்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதினாலே எரிச்சல் வருகிறது. கட்டுரை வந்து மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தால் அது நல்ல இடம். ஓர் இதழ் மூடும்போது எனக்குப் பதினாலாயிரம் பாக்கி வைத்துவிட்டு மூடியது, எடிட்டரே சம்பளம் இல்லாமல் இருந்ததால் சண்டை போடவும் மனசு வரவில்லை. ஒப்புக்கொள்ளும் முன் எவ்வளவு, எப்போது, கட்டுரையைப் போடாவிட்டால் பாதியாவது உண்டா என்று மெயிலில் கேளுங்கள், போனில் பேசியது கணக்கில் வராது. சிலர் டி.டி.எஸ். என்று 10 சதவீதம் வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள். நம் வருமானத்துக்கு வரியே வராது என்றாலும் ரிட்டர்ன் போட்டால்தான் அது திரும்ப வரும். முதல் மூன்று வருடம் நான் போடவில்லை, என் முட்டாள்தனம். மாதத்தில் பத்து நாள் சப்டைட்டிலுக்கும் அறிமுகக் குறிப்புக்கும் போகிறது, அதில்தான் வாடகை வருகிறது. மற்ற இருபது நாள் நான் மேலே சொன்னது.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள், எல்லாரும் கேட்பது. “பாடத் தெரியுமா?” தெரியாது. தெரிந்திருந்தால் நல்லதுதான். தாளம் போடத் தெரிய வேண்டும், அது இல்லாமல் எழுதினால் வாத்தியம் வாசிக்கிறவர்கள் ரெண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். நான் தாளம் கற்றுக்கொண்டது மேடைக்குப் பின்னால் நின்று, டேப் அடிக்கிறவரின் விரலைப் பார்த்து.

போன மாதம் அந்த ஆட்டோக்காரர் வீட்டுக்குப் போனேன். கால்வாய் ஓரத்து வீடுகளை எடுத்தபோது அவர்களைப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, லிஃப்ட் ஓடவில்லை, ஆறாவது மாடி. லேப்டாப்பைக் கட்டில் மேல் வைத்து அந்த ஆறு நிமிடத்தைப் போட்டேன். அவர் அப்பா போய்ப் பதினேழு வருடம் ஆகிறதாம். அவர் வாசிப்பைப் பதிவாகக் கேட்பது மகனுக்கு இதுதான் முதல் தடவை. மகன் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அம்மா சுவரில் சாய்ந்து, முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

மூன்றாவது நிமிடத்தில் டேப் சத்தம் நின்றுவிடும், சட்டி மட்டும் ஓடும். நான் அதைப் பதிவில் ஏற்பட்ட கோளாறு என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். அந்த அம்மா கையை உயர்த்தி, “இங்க தோலு தொய்ஞ்சிருக்கும். தீ காட்டப் போயிருக்காரு, இப்ப வந்துருவாரு பாரு” என்றார். அவர் சொல்லி முடிக்கவும் டேப் உள்ளே வந்தது. முன்னைவிட ஒரு படி எடுப்பாக, நறுக்கென்று.

அப்புறம் கேட்டேன், “பாடுறது யாரும்மா?”

“அது தெரியாதா? ஹார்பர்ல மூட்டை தூக்கினு இருந்தாரே. நம்ம வீட்டுக்குக்கூட வந்து சாப்ட்டுக்கிறாரு.” பெயரைச் சொல்ல வாயைத் திறந்தவர் நிறுத்திவிட்டார். யோசித்துப் பார்த்தார். எல்லோரும் அவரைக் கூப்பிட்டது பட்டப்பெயரால்தான். நிஜப் பெயர் அவருக்கும் தெரியவில்லை.

பட்டப்பெயர் நோட்டில் இருக்கிறது. ஹார்பரில் அந்தக் காலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெண்டு பேர் காசிமேட்டில் இருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன், தம்பி வருவதாக இருந்தால் ஆறரை மணிக்கே வந்துவிடுங்கள், அவர்கள் எட்டு மணிக்கெல்லாம் சீட்டாடப் போய்விடுவார்களாம்.